கறுப்பு டப்பாவிலிருந்து எடுத்தது

அந்த வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. பயப்படுகிற நேரமே இல்லை. எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் ஒரு தண்ணீர் லாரி வழியை அடைத்து நிற்க, பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் ஹாரனை அழுத்தித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். உள்ளே, பஞ்சில் சுற்றி, என் மனைவியின் கைக்கடிகாரம் இருந்தது. ஓடாத கடிகாரம்.

அதை ஓடாமல் செய்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததற்கெல்லாம் யார் மேலாவது பழியைத் தூக்கிப் போடத் தோன்றும்.

நான் வாட்ச் ரிப்பேர் செய்கிறவன். ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஒரு கடையில் முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி நர்ஸ். நோயாளியின் நாடியை எண்ணுவதற்கென்றே அவள் வாங்கிய கடிகாரம் அது. கறுப்பு டயல், சிவப்பு செகண்ட் முள், சுண்டுவிரல் நகமளவு மெஷின். அவள் போய் ஐந்து வருஷம் ஆகிறது. மகளும் நர்ஸ் படிப்பை முடித்தாள். வார்டுக்குப் போகும் முதல் நாள் அம்மா வாட்சைத்தான் கட்டிக்கொண்டு போவேன் என்று சொல்லிவிட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பிரித்துச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தேன். ட்வீசரிலிருந்து பேலன்ஸ் நழுவித் தரையில் விழுந்து அச்சு முறிந்தது.

பேலன்ஸ் என்பது இப்படியும் அப்படியும் ஆடுகிற குட்டிச் சக்கரம். காதில் வைத்தால் டிக் டிக் என்று கேட்பது அதன் தயவில்தான். கடிகாரத்துக்கு நாடி என்று ஒன்று உண்டென்றால் அதுதான். அதன் அச்சு தலைமுடியைவிட மெல்லியது. வயசாகிவிட்டது, தானாகவே போய்விட்டது என்று மகளிடம் ஒரு புளுகு புளுகினேன். அவளும் நம்பினாள். அந்த நம்பிக்கைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பதினோரு மாதம் அலைந்தேன். அந்த மாடலைச் செய்வதை நிறுத்தி நாற்பது வருஷமாகிவிட்டது. பழைய சாமான் சந்தையில் கூடை கூடையாகக் கிளறினேன். இணையத்தில் ஒருவன் அச்சு அசலாக அதே பாகம் என்று சத்தியம் செய்து அனுப்பியது ஆண்கள் கடிகாரத்து பேலன்ஸ். உட்காரவே இல்லை. இன்னொருவன் அனுப்பிய மெஷின் துருப்பிடித்து, தொட்டால் பொடிந்தது. மகள் வேலையில் சேருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, கடைசியாக, போகவே கூடாது என்று வைத்திருந்த வீட்டுக்குப் போனேன்.

லென்ஸ்காரர் வீடு.

எங்கள் தொழிலில் அவரைத் தெரியாதவர் கிடையாது. கம்பி வளையத்தில் மாட்டிய லென்ஸ், கல்யாண வீட்டில்கூட அவர் நெற்றியை விட்டு இறங்காது. வியாழக்கிழமை தருகிறேன் என்றால் வியாழக்கிழமை தந்துவிடுவார், தலையே போனாலும். ரிப்பேருக்காகப் பழைய கடிகாரம் ஒன்றிலிருந்து பாகம் எடுப்பதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கடிகாரத்தின் மேல் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடி, அரை நிமிஷம் எண்ணுவார். இப்படி மூன்று நாள், மூன்று தடவை. பொருத்தம் என்று தெரிந்தால் நாலாவது நாள் எடுப்பார். ஒருமுறை பத்துப் பேர் முன்னால், நீ பேட்டரி மாற்றத்தான் லாயக்கு என்று என் மூக்கை அறுத்தவர். நாலு மாதத்துக்கு முன் தன் மேசையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். தனிக்கட்டை. கூட இருந்தது தங்கை மட்டும், ஓய்வுபெற்ற டீச்சர்.

டீச்சர்தான் கதவைத் திறந்தார். வேலை செய்கிற அறைக்குக் கூட்டிப்போய், வேண்டியதைத் தேடிக்கொள்ளச் சொன்னார். ஜன்னல் பக்கம் மேசை. அதன்மேல் கண்ணாடி மூடி, மண்ணெண்ணெய் மாதிரியும் இல்லாத பெட்ரோல் மாதிரியும் இல்லாத கடிகார பாகங்களைக் கழுவுகிற சலவைத் திரவத்தின் வாசனை. என் கடையிலும் அதே வாசனைதான். மேசைக்கடியில் நாற்காலி ஒழுங்காகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. மேசைமேல் அவருடைய லென்ஸ். சுவர் முழுக்கக் கடிகாரங்கள், எல்லாம் நின்றுபோயிருந்தன.

ஆனாலும் அறையில் டிக் டிக் சத்தம் கேட்டது.

அலமாரியில் ஒரு கறுப்புத் தகர டப்பா இருந்தது. மூடியில் கண்ணாடி. உள்ளே பதினோரு கைக்கடிகாரங்கள், ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டை. அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தன.

"அதுல மட்டும் கை வைக்காதீங்க," என்றார் டீச்சர். "கஸ்டமர் சாமான். அண்ணன் முடிச்சு வச்சது. சீட்டைக் கொண்டுவந்தா கொடுக்கணும். நான்தான் தினம் காலையில சாவி கொடுக்கிறேன். சொந்தக் கடிகாரம் நின்னா பரவாயில்ல, கஸ்டமருது நிக்கக் கூடாதும்பாரு."

ஒருமுறை முழுசாகச் சாவி கொடுத்தால் முப்பத்தாறு மணி நேரம் ஓடுகிற ரகங்கள் அவை. டீச்சர் ஒரு நாளும் தவறவிடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

இழுப்பறைகளை ஒன்றுவிடாமல் பார்த்தேன். என் மாடலின் பெயர் எழுதிய ஒரு சின்ன உறை கிடைத்தது. காலி. திரும்பவும் கறுப்பு டப்பாவுக்குக் கண் போனது. மூன்றாவது வரிசை ஓரத்தில், கறுப்பு டயல், சிவப்பு செகண்ட் முள். இருபத்தேழாம் நம்பர். அட்டையில் லென்ஸ்காரரின் கையெழுத்தில் 'தயார்' என்று இருந்தது.

கெஞ்சிக் கேட்டேன். விற்க அது தன்னுடையது இல்லை என்றார் டீச்சர். சொந்தக்காரரின் விலாசம் கேட்டேன். சீட்டில் நம்பர் மட்டும்தானாம். அதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மாடியில் துணி கிடக்கிறது, பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று அவர் படியேறினார்.

பத்து நிமிஷம். எனக்கு ஏழே போதும்.

எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலமான காரியம் கிடையாது. ஒரு கஸ்டமர் கடிகாரத்திலிருந்து பாகத்தை உருவி இன்னொன்றில் போடுவது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே டயல், அதே முள், அதே பட்டை. உள்ளே மட்டும் திருட்டு. செய்கிறவனைத் தவிர யாருக்கும் தெரியாது என்பதால்தான் யாரும் செய்யக் கூடாது என்று வைத்திருக்கிறோம்.

செய்தேன். இருபத்தேழின் பின்மூடியைத் திறந்தேன். உட்பக்கம் லென்ஸ்காரர் தன் குறியையும் தேதியையும் ஊசியால் கீறியிருந்தார். ரிப்பேர் செய்கிற எல்லோரும் அப்படிக் கீறுவது வழக்கம். பேலன்ஸைத் தூக்கினேன்.

இருபத்தேழு நின்றது.

கூடவே மற்ற பத்தும் நின்றன.

மழைக்கு முந்திய காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பத்தும் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. காது ஏமாற்றியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முறிந்த பேலன்ஸை இருபத்தேழில் வைத்து மூடினேன். நல்லதை என் மனைவியின் கடிகாரத்தில் உட்கார வைத்தேன். ஊதினதும் ஆடியது. என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. டீச்சர் இறங்கி வந்தபோது பாகம் கிடைக்கவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசற்படியில் திரும்பிப் பார்த்தேன்.

மேசைக்கடியிலிருந்த நாற்காலி வெளியே இழுக்கப்பட்டிருந்தது. நான் நின்றுகொண்டேதான் வேலை செய்தேன்.

திங்கட்கிழமை மகள் அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒரு வாரம் வீடு வீடாக இருந்தது. வார்டில் பெரிய நர்ஸ்கள்கூட நேரத்தை அவளிடம்தான் கேட்கிறார்களாம். அம்மா எண்ணின மாதிரியே எண்ணுகிறேன் அப்பா என்று என் கையைப் பிடித்து எண்ணிக் காட்டினாள். எழுபத்திரண்டு என்றாள். சாகிற வயசில்லை உங்களுக்கு என்று கேலி வேறு.

அடுத்த செவ்வாய் சாயங்காலம் வந்தவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்ன என்று நாலு தடவை கேட்ட பிறகு சொன்னாள்.

"பேஷன்ட் கையைப் பிடிச்சு எண்ணுறப்ப, யாரோ என் கையைப் பிடிக்கிறாங்கப்பா. நேத்தும் பிடிச்சாங்க, இன்னைக்கும். ரெண்டு விரல். ஜில்லுன்னு. அரை நிமிஷம் ஆனதும் விட்டுடுறாங்க."

பட்டை இறுக்கமாக இருந்திருக்கும் என்றேன்.

"வார்டுல ஸ்பிரிட் வாசனைதான் வரும். அப்ப மட்டும் வேற வாசனை வருது. உங்க கடை வாசனை."

அவளுடைய நாடியை அவளே எண்ணிப் பார்த்தாளாம். எப்போதும் எழுபத்து நாலு. நேற்று அறுபது. இன்று ஐம்பத்திரண்டு. எண்ணெய் போடணும் என்று ஒரு சாக்குச் சொல்லிக் கடிகாரத்தை வாங்கிவைத்துக்கொண்டேன். கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல.

புதன்கிழமை காலை கடிகாரம் இல்லாத கையோடுதான் போனாள். பத்து மணிக்கு வார்டிலேயே மயங்கி விழுந்தாள். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே அவளைப் படுக்க வைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது, துடிப்பு மட்டும் ஏன் குறைகிறது என்று தெரியவில்லை என்றார்கள். நாற்பத்தைந்து.

மதியம் மூன்று மணி. வார்டு முழுக்க வெளிச்சம். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். மகள் கண்ணை மூடிக் கிடந்தாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சலவைத் திரவ வாசனை வந்தது.

பிறகு மகளின் மணிக்கட்டில், நாடி ஓடுகிற இடத்தில், தோல் உள்ளே அமுங்கியது. பக்கத்தில் இன்னொரு இடமும் அமுங்கியது.

இரண்டு விரலளவு குழி. விரல் மட்டும் இல்லை.

சுவர்க்கடிகாரத்தில் முப்பது நொடி போகும்வரை அந்தக் குழிகள் அப்படியே இருந்தன. பிறகு தோல் மெதுவாக மேலெழும்பியது. ஆரஞ்சு உரித்த அம்மாள் என்னைப் பார்த்து, தண்ணீர் வேணுமா என்று கேட்டாள்.

அப்போதுதான் டீச்சர் போனில் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நான் வந்துபோன மறுநாளே இருபத்தேழு நின்றுபோனதைப் பார்த்தாராம். பழுதானதை எங்கே வைக்கணுமோ அங்கே, அண்ணன் மேசையிலேயே வைத்துவிட்டாராம். சனிக்கிழமை ஒரு அம்மா இருபத்தேழின் சீட்டைக் கொண்டுவந்ததாகவும், வழக்கம்போல வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

"திங்கக்கிழமையிலிருந்து மதியமானா நாற்காலி நகர்ற சத்தம் கேக்குது," என்றார். "பாகம் தேடுறாருன்னு நினைக்கிறேன். மூணு தடவை பாத்துட்டுத்தானே எடுப்பாரு."

திங்கள், செவ்வாய், புதன். நான் விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

ராத்திரி முழுக்க மகளை விட்டு நகர முடியவில்லை. வியாழக்கிழமை காலை பத்தே காலுக்குத்தான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். நீங்க வருவீங்கன்னு தெரியும் என்று மட்டும் சொல்லிக் கதவைத் திறந்தார் டீச்சர். நாற்காலி வெளியே இழுத்தே இருந்தது. உட்கார மனம் வரவில்லை. நின்றபடியே மேசையிலிருந்த இருபத்தேழையும் என் மனைவியின் கடிகாரத்தையும் திறந்தேன். எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. திருகை எடுத்தேன். பேலன்ஸை ட்வீசரில் பிடித்தேன்.

பாகம் நழுவியது.

சத்தம்கூடக் கேட்கவில்லை. குனிந்து எடுத்து என் லென்ஸில் பார்த்தேன். அச்சு முறிந்திருந்தது. முதல் தடவை முறிந்த அதே இடத்தில்.

அந்த ஒரு நிமிஷத்தை நான் எப்படிச் சொல்வது? முப்பது வருஷத் தொழில், ஒரு மயிரிழை இரும்பைப் பிடிக்க முடியாத விரல்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. முப்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டதாம், சீக்கிரம் வாருங்கள் என்றார்கள். மணி பத்து நாற்பது. இருபத்தேழு என் முன்னால் திறந்து கிடந்தது, உள்ளே நான் வைத்த பழைய முறிந்த பேலன்ஸோடு. நான் அழுதேன். டீச்சர் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இடது கையை நிமிர்த்தி, ரிப்பேருக்கு வந்த கடிகாரத்தை வைக்கிற துணியின் மேல் வைத்தேன்.

"அவ எதையும் எடுக்கலீங்க," என்றேன். "எடுத்தது நான். பொருத்தம் பாக்கணும்னா இதைப் பாருங்க."

ஒன்றும் நடக்கவில்லை. மாடியில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது.

வாசனை வந்தது.

மேசைமேல் இருந்த லென்ஸ், அதன் கம்பி வளையத்தோடு, மெல்ல உயர்ந்தது. என் கைக்கு மேலே வந்து நின்றது.

இரண்டு விரல் என் மணிக்கட்டில் அமர்ந்தன. ஐஸ்.

அரை நிமிஷம். விலகின. மறுபடி அமர்ந்தன. அரை நிமிஷம். விலகின. மறுபடி.

மூன்று நாள் பார்க்க அவருக்கு நேரமில்லை. மூன்று தடவையை விடவும் மனமில்லை.

வலிக்கவில்லை. ஒரு திருகு கழன்ற மாதிரி மட்டும் இருந்தது, நெஞ்சுக்குள், இடது பக்கம். துணிமேல் கிடந்த இருபத்தேழு ஓட ஆரம்பித்தது. நான் குனிந்து பார்த்தேன். உள்ளே முறிந்த பேலன்ஸ் அசையாமல் கிடந்தது. மற்ற சக்கரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. டிக் டிக் என்று சுத்தமான சத்தம்.

டீச்சர் வந்து பின்மூடியைப் போட்டார். போடும்முன் அதன் உட்பக்கத்தை எனக்குக் காட்டினார். பழைய குறிக்குக் கீழே, புதுக் கீறலாக, அதே குறி. தேதி இன்றைய தேதி.

பதினொன்றுக்கு அந்த அம்மா வந்தாள். ஐம்பது வயசிருக்கும், இரண்டு கையிலும் பை, ஏகப்பட்ட அவசரம். கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டு, அப்பாடா என்றாள். தினமும் சாவி கொடுப்பீர்களா என்று நான் கேட்டேன். என் குரலே எனக்கு விசித்திரமாக இருந்தது.

"ஞாபகம் வந்தா கொடுப்பேங்க," என்று சிரித்தாள். "எனக்கு மறதி ஜாஸ்தி."

காலையில் பல் தேய்த்ததும் கொடுத்துவிடுங்கள் என்றேன். ஒரு நாள்கூட விடக்கூடாது என்றேன். வீடு எங்கே, நான் வேண்டுமானால் தினமும் வந்து கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றுகூடச் சொன்னேன். அவள் டீச்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பைகளை அள்ளிக்கொண்டு வேகமாகப் படியிறங்கினாள். தெருமுனை வரை பின்னாலேயே ஓடினேன். கூட்டத்தில் தவறவிட்டேன்.

போன் அடித்தது. மகள் கண்ணைத் திறந்துவிட்டாளாம். பசிக்கிறது என்கிறாளாம். எழுபத்து நாலு.

நடுத்தெருவில் நின்று சிரித்தேன். அந்தச் சந்தோஷத்தை இப்போதும் நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மாவின் கடிகாரத்தை நான்தான் உடைத்தேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். இரண்டு தடவை உடைத்தேன் என்றும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. அவள் அழுதாள். பிறகு, ஓடாட்டி என்ன, கட்டிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள்.

காலையிலிருந்தே எனக்குக் களைப்பாக இருக்கிறது. மதியத்துக்கு மேல் கை கால் கனத்துப்போய், எழுந்து கதவைத் திறக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மகள் பார்த்துவிட்டாள். கட்டிலில் உட்கார வைத்து என் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்தாள். சூடான விரல்கள்.

கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். மறுபடி நகர்த்தினாள்.

"கையை ஆட்டாம வைங்கப்பா."

நான் ஆட்டவில்லை.

மற்றக் கையை எடுத்தாள். அதிலும் தேடினாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. கழுத்தோரத்தில் விரலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடினாள். அறை மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. மூன்று மணி வெயில் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தும் மங்கியது.

அப்போது எனக்குள், நெஞ்செலும்புக்குப் பின்னால், யாரோ சாவி கொடுத்தார்கள். கர்ர், கர்ர் என்று, அவசரமில்லாமல், ஏழெட்டுத் திருகல்.

"இதோ வந்துடுச்சு," என்றாள் மகள், பெருமூச்சு விட்டபடி. "எங்கப்பா போயிருந்தீங்க?"

நான் சுவரில் மணியைப் பார்த்தேன். மூன்று பத்து. அங்கிருந்து முப்பத்தாறு மணி நேரத்தை எண்ண ஆரம்பித்தேன்.